இரண்டு பக்கக் கட்டுரையும் ஏழு பெயர்களும்

(சூரிய மின்கல ஆய்வாளர் சுடோமு மியாசாகாவைப் பாராட்டி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மொத்தமே இரண்டு பக்கம். நான்கு பேர் எழுதியது. ஈயமும் அயோடினும் கலந்த ஒரு படிகத்தை வைத்துச் சூரிய மின்கலம் செய்திருக்கிறோம், விழுகிற ஒளியில் 3.8 விழுக்காட்டை அது மின்சாரமாக மாற்றுகிறது என்பதுதான் அதன் சாரம். அதே நேரத்தில் வீட்டுக் கூரைகளில் இருந்த சாதாரண சிலிக்கான் தகடுகள் அதைப்போல மூன்று நான்கு மடங்கு தந்துகொண்டிருந்தன. போதாக்குறைக்கு, இந்தப் புதிய மின்கலம் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. அந்தத் துறையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கட்டுரையைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இன்று அதே வகைப் படிகத்தால் செய்த மின்கலம் ஆய்வகத்தில் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. சிலிக்கானுக்கு மேலே அதை ஓர் அடுக்காகப் போட்டுச் செய்த மின்கலம் 34 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. சிலிக்கான் மின்கலம் முதன்முதலில் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வந்தபோது சுமார் 6 விழுக்காடு தந்தது. அங்கிருந்து 26க்கு வர அதற்கு அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இந்தப் புதிய பொருள் பதினைந்தே ஆண்டில் அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டது. அந்த இரண்டு பக்கக் கட்டுரையைத் தந்த ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் சுடோமு மியாசாகா. ஜப்பானில் யோகோஹாமா டோயின் பல்கலைக்கழகத்தில் பணிபுரிபவர். அவரைப் பாராட்டத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

அவரைப் பாராட்டுவது என்றால் யாரை, எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு பழைய ஆண்டுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். 1839. அந்த ஆண்டில்தான் பாரிசில் டாகுர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் அதே நாட்டில் எட்மண்ட் பெக்கரல் என்ற பத்தொன்பது வயது இளைஞர், தன் தந்தையின் ஆய்வகத்தில், அமிலக் கரைசலில் வெள்ளி உப்பு பூசிய தகட்டை வைத்து அதன்மேல் ஒளியை விழச் செய்தபோது மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். சூரிய மின்கலத்தின் ஆதி அதுதான். அதே 1839இல் ரஷ்யாவின் யூரல் மலையிலிருந்து வந்த ஒரு கனிமத்தைக் குஸ்டாவ் ரோஸ் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரமுகரைச் சிறப்பிக்கும் வகையில் அதற்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர் வைத்தார். கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்த கனிமம் அது. புகைப்படம், ஒளியிலிருந்து மின்சாரம், பெரோவ்ஸ்கைட் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் பிறந்தன. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாமல்தான் பிறந்தன. மூன்றும் ஓர் ஆளின் வாழ்க்கையில் வந்து சேர நூற்று எழுபது ஆண்டு ஆனது.

மியாசாகா 1953இல் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். இந்த ஹோண்டாவும் அவருடைய மாணவர் அகிரா ஃபுஜிஷிமாவும் 1972இல், டைட்டானியம் டை ஆக்சைடின்மேல் ஒளி பட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதை உலகுக்குக் காட்டியவர்கள். ஒளியும் வேதியியலும் சந்திக்கிற இடத்தில் உலகின் தலைசிறந்த பள்ளிக்கூடங்களில் ஒன்று ஹோண்டாவின் ஆய்வகம். பட்டம் வாங்கிய மியாசாகா பல்கலைக்கழகத்தில் தங்கிவிடவில்லை. 1981இல் ஃபியூஜி புகைப்படச் சுருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இருபது ஆண்டு அங்கேதான் இருந்தார்.

புகைப்படச் சுருள் நிறுவனத்தில் சூரிய மின்கலக்காரருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சுருளில் இருப்பது வெள்ளி உப்பின் நுண்படிகங்கள். வெள்ளி உப்புக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் அதற்குத் தெரியாது. 1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்பவர், அந்தப் படிகத்தின்மேல் ஒரு சாயத்தைப் பூசினால் சாயம் பச்சை ஒளியை வாங்கிப் படிகத்துக்குக் கொடுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். வண்ணப் புகைப்படம் நமக்குக் கிடைத்ததே அந்த வழியில்தான். 1991இல் சுவிட்சர்லாந்தின் மிக்கேல் கிரேட்செலும் பிரையன் ஓரேகனும் இதே உத்தியைச் சூரிய மின்கலத்துக்குக் கொண்டுவந்தார்கள். டைட்டானியம் டை ஆக்சைடின் நுண்துகள்களின்மேல் சாயம் பூசினார்கள். சாயம் ஒளியை வாங்கும், எலக்ட்ரானைத் துகளுக்குத் தள்ளிவிடும், துகள் அதை வெளியே கடத்தும். சாய மின்கலம் என்று இதற்குப் பெயர். ஆகவே சுருள் நிறுவனத்தில் இருந்தவருக்கு இந்த மின்கலம் அந்நியமில்லை, சொந்தக்காரன் மாதிரி.

அந்த இருபது ஆண்டில் மியாசாகா கைவைத்த பொருள்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். உப்பளங்களில் வாழும் ஒரு நுண்ணுயிரின் புரதத்தை எடுத்துச் செயற்கை விழித்திரை செய்து 1992இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். லித்தியம் மின்கலத்துக்குக் கரிக்குப் பதிலாக வெள்ளீய ஆக்சைடைப் பயன்படுத்தலாம் என்று 1997இல் அதே இதழில் எழுதிய குழுவிலும் அவர் பெயர் இருக்கிறது. இரண்டுமே உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வுகள். நாற்பத்தெட்டு வயதில், 2001இல், நிறுவனத்தை விட்டுவிட்டு டோயின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். டோக்கியோ, கியோட்டோ போன்ற பெரும் பல்கலைக்கழகம் அல்ல அது. ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகம். அங்கே பிளாஸ்டிக் தாளின்மேல் சாய மின்கலம் செய்ய முயன்றார். 2004இல் பெக்செல் டெக்னாலஜிஸ் என்ற சிறு நிறுவனத்தையும் தொடங்கினார்.

அந்த நிறுவனத்துக்கு கென்ஜிரோ தெஷிமா என்ற இளம் ஆய்வாளர் வேலைக்கு வந்தார். டோக்கியோ பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் வழியாக, அதே பல்கலைக்கழகத்தில் அவருக்கு இளையவரான அகிஹிரோ கோஜிமா என்ற மாணவர் மியாசாகாவின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அவர்கள் படித்த ஆய்வகத்தில் ஈய ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டுகளைக் கொண்டு ஒளிரும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கோஜிமாவின் கேள்வி எளிமையானது. இந்தப் பெரோவ்ஸ்கைட்டைச் சாயத்துக்குப் பதிலாகப் பூசிப் பார்த்தால் என்ன?

மாணவ நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மாணவர் டோயின் பல்கலைக்கழகத்தின் மாணவரே இல்லை. வெளியிலிருந்து வந்தவர். அவர் கொண்டுவந்த பொருளோ தண்ணீர் பட்டால் கரைந்து சிதைவது. சாய மின்கலத்துக்குள் இருப்பதோ திரவ மின்பகுளி. திரவத்துக்குள் கரையக்கூடிய பொருளைப் போடுகிறேன் என்கிறார். அனுபவமுள்ள எந்தப் பேராசிரியரும் ‘தம்பி, இது நடக்காது, வேறு தலைப்பைப் பார்’ என்று சொல்லியிருப்பார். மியாசாகாவுக்கும் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. அதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் செய்து பார் என்றார். இடம் கொடுத்தார், கருவி கொடுத்தார். 2006இல் புரோமைடு வகையை வைத்து 2.2 விழுக்காடு வந்தது என்று ஒரு கூட்டத்தில் அறிவித்தார்கள். அதற்கு மூன்று ஆண்டு கழித்து, அயோடைடு வகையில் 3.8. அந்தக் கட்டுரையில் முதல் பெயர் கோஜிமா. அடுத்து தெஷிமா. மூன்றாவது ஷிராய். கடைசியில்தான் மியாசாகா.

இனி அந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். ஈய ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டில் யூரல் மலைக் கனிமம் எதுவும் இல்லை. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பு ஒன்று, அவ்வளவுதான் உறவு. எட்டு மூலைகளில் ஒருவகை அயனி, நடுவில் இன்னொரு வகை, முகங்களில் மூன்றாவது வகை என்ற ஒழுங்கு. மூலைகளில் மெத்தில் அம்மோனியம், நடுவில் ஈயம், முகங்களில் அயோடின். இந்த வேதிப்பொருளை 1978இலேயே ஜெர்மனியில் டீட்டர் வெபர் செய்து காட்டிவிட்டார். முப்பது ஆண்டுக் காலம் அது வேதியியலாரின் அலமாரியில் இருந்தது. சூரிய ஒளிக்கு அதைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதைச் செய்யும் விதத்தை ஓர் ஆய்வகத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். மேசையில் இரண்டு சிறு புட்டிகள். ஒன்றில் ஈய அயோடைடு, மஞ்சள் தூள். இன்னொன்றில் மெத்தில் அம்மோனியம் அயோடைடு, வெள்ளைத் தூள். இரண்டையும் எடைபோட்டு ஒரு கரைப்பானில் கலக்கினால் தெளிந்த மஞ்சள் கரைசல் கிடைக்கிறது. கையுறைகள் பொருத்திய கண்ணாடிப் பெட்டிக்குள், நைட்ரஜன் நிரப்பிய சூழலில், இரண்டு விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுழலும் மேடையில் வைக்கிறார்கள். அதன்மேல் சில துளி கரைசலை விட்டு மேடையைச் சுழற்றுகிறார்கள், நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று. அப்பச்சட்டியைச் சுழற்றினால் மாவு விளிம்புவரை பரவுகிறதே, அந்த மாதிரி கரைசல் பரவி மெல்லேடாக ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடியை எடுத்து நூறு டிகிரி சூட்டுத் தகட்டில் வைக்கிறார்கள். மஞ்சளாக இருந்த ஏடு கண்முன்னே பழுப்பாகிறது, பிறகு அடர்ந்த கரும்பழுப்பு. அந்த நிறம் வந்துவிட்டால் படிகம் உருவாகிவிட்டது என்று பொருள். கறுப்பாக இருக்கிறது என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறைய முழுவதும் விழுங்குகிறது என்று பொருள். ஏட்டின் தடிமன் அரை மைக்ரான். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதைச் சிலிக்கானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து மின்உலையில் உருக்க வேண்டும். கிடைத்த சிலிக்கானை வாயுவாக மாற்றி, வடித்து, மறுபடி திடமாக்க வேண்டும். அதை 1,414 டிகிரிக்கு மேல் உருக்கி ஒற்றைப் படிகத் தூணாக இழுக்க வேண்டும். அந்தத் தூணை வைரத்தூள் பதித்த கம்பியால் 150 மைக்ரான் தடிமனுக்குச் சீவ வேண்டும். சீவும்போதே கணிசமான பகுதி தூளாகப் போய்விடுகிறது. இத்தனை தூய்மை எதற்கு? ஒளி பட்டு எழும் எலக்ட்ரான், வெளியேறும் வழியில் ஓர் அழுக்கிலோ படிகக் குறையிலோ மாட்டிக்கொண்டால் அங்கேயே அடங்கிவிடும், மின்சாரமாக வெளியே வராது. அதனால்தான் சிலிக்கானில் அணுவுக்கு அணு ஒழுங்கு வேண்டியிருக்கிறது.

பெரோவ்ஸ்கைட்டில் நடப்பது வேறு. கரைசலில் இருந்து நூறு டிகிரியில் அவசரமாக உருவான படிகத்தில் குறைகள் நிறையவே இருக்கும். ஆனால் அந்தக் குறைகளில் பெரும்பாலானவை எலக்ட்ரானைப் பிடித்து வைப்பதில்லை. ஈயத்தின் எலக்ட்ரான் அமைப்பால் வரும் பண்பு அது. குறையோடு இருந்தும் வேலை செய்கிற பொருள் என்பதுதான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர். நான் இயற்பியல் படித்த காலத்தில் குறைக்கடத்தி என்றாலே தூய்மை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இதை முதலில் படித்தபோது பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் 2009இல் இது யாருக்கும் தெரியாது, மியாசாகாவுக்கும் தெரியாது. அவர்கள் பெரோவ்ஸ்கைட்டைச் சாயத்துக்கு மாற்றாகத்தான் பார்த்தார்கள். அதன் உண்மையான திறமை வெளிப்பட இன்னும் இரண்டு நாடுகளின் கை தேவைப்பட்டது.

தென் கொரியாவில் சுங்க்யுன்க்வான் பல்கலைக்கழகத்தின் நாம்-கியூ பார்க் 2011இல் 6.5 விழுக்காட்டை எட்டினார். அதுவும் திரவ மின்பகுளிதான், அதுவும் நிமிடக் கணக்கில்தான் நிலைத்தது. திரவத்தை எடுத்துவிட்டுத் திடப் பொருளைப் போட்டால்தான் இது பிழைக்கும் என்று அவர் முடிவுகட்டினார். 2012இல் கிரேட்செலோடு சேர்ந்து முழுத் திட மின்கலம் செய்தார். 9.7 விழுக்காடு. உறையிடாமல் காற்றில் 500 மணிநேரம் வைத்திருந்தும் அது நிலைத்து நின்றது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த். அவருக்கு இந்தப் பொருள் போய்ச் சேர்ந்த வழியும் ஒரு மாணவர் வழிதான். மியாசாகாவின் பழைய மாணவர் தகுரோ முரகாமி சுவிட்சர்லாந்தில் கிரேட்செலின் ஆய்வகத்துக்குப் போயிருந்தார். ஸ்னெய்த்தும் அப்போது அங்கே இருந்தார், நண்பர்களானார்கள். அந்த நட்பின் வழியாகத்தான் ஸ்னெய்த்தின் மாணவர் மைக்கேல் லீ ஜப்பானுக்குப் போய் மியாசாகாவின் ஆய்வகத்தில் கோஜிமாவின் செய்முறையைக் கற்றுக்கொண்டு வந்தார். சொந்த ஆய்வகத்தின் செய்முறையை, போட்டியாளராகக்கூடிய ஒருவரின் மாணவருக்கு அருகில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் லீ செய்த சோதனையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. சாய மின்கலத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு எதற்கு இருக்கிறது? எலக்ட்ரானைச் சாயத்திடமிருந்து வாங்கிக் கடத்த. அது இல்லாமல் மின்கலமே இல்லை. அதை எடுத்துவிட்டு அதே மாதிரி நுண்துளைகள் கொண்ட அலுமினாவைப் போட்டார்கள். அலுமினா மின்கடத்தாப் பொருள். எலக்ட்ரான் அதற்குள் நுழையவே முடியாது. கணக்குப்படி மின்கலம் செத்துப்போயிருக்க வேண்டும். சாகவில்லை. முன்பைவிட நன்றாக வேலை செய்தது. மின்னழுத்தம் ஏறியது, செயல்திறன் 10.9 விழுக்காடு வந்தது. அப்படியென்றால் எலக்ட்ரானைக் கடத்தியது யார்? பெரோவ்ஸ்கைட் தானேதான். ஒளியை வாங்குவதும் அதுவே, எலக்ட்ரானைச் சுமந்துபோவதும் அதுவே. அதற்குச் சாயத்தின் வேலையைக் கொடுத்து வைத்திருந்தார்கள். உண்மையில் அது சிலிக்கானின் இனம், முழுமையான குறைக்கடத்தி. 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையில் லீ, ஸ்னெய்த்தோடு முரகாமியின் பெயரும் மியாசாகாவின் பெயரும் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் உலகெங்கும் ஆய்வகங்கள் சாய மின்கலத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு இதற்கு மாறின.

இப்போது பாராட்டுகளுக்கு வருகிறேன். 2017இல் கிளாரிவேட் நிறுவனம், நோபல் பரிசு பெறத் தகுதியுள்ளவர்கள் என்று வெளியிடும் பட்டியலில் மியாசாகா, பார்க், ஸ்னெய்த் ஆகிய மூவரின் பெயரும் வந்தன. மூவரும் ஆய்வகத் தலைவர்கள். 2022இல் பிரிட்டனின் ரேங்க் பரிசு, ஒளிமின்னணுவியலுக்காக, இதே கண்டுபிடிப்புக்கு வழங்கப்பட்டது. அந்தப் பரிசை ஏற்படுத்திய ஆர்தர் ரேங்க் பிரபு ஒரு திரைப்படத் தொழிலதிபர். புகைப்படச் சுருள் நிறுவனத்தில் இருந்து வந்தவருக்குத் திரைப்படக்காரரின் பரிசு வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தப் பரிசு ஏழு பேருக்குக் கொடுக்கப்பட்டது. மியாசாகா, பார்க், ஸ்னெய்த் என்ற மூன்று பேராசிரியர்கள். அவர்களோடு கோஜிமா, தெஷிமா, முரகாமி, லீ. அந்த நால்வரும் இந்த வேலை நடந்தபோது மாணவர்களாகவோ இளம் ஆய்வாளர்களாகவோ இருந்தவர்கள்.

நம் ஊரிலும் உலகத்திலும் பாராட்டு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பேராசிரியருக்குப் பொன்னாடை, பேராசிரியருக்குப் பதக்கம். இரவு இரண்டு மணிக்குக் கையுறைப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றவரின் பெயர் அடிக்குறிப்பில் இருக்கும், சில நேரம் அங்கும் இருக்காது. விதிவிலக்குகள் உண்டு. நீல ஒளி உமிழும் டயோடுக்காக 2014இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் ஆசிரியரும் மாணவரும். ஆனால் ஒரு நோபல் பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. ஏழு பேர் செய்த வேலைக்கு மூன்று நாற்காலி போட்டால் நான்கு பேர் நிற்கத்தான் வேண்டும். ரேங்க் பரிசு ஏழு நாற்காலி போட்டது. அதிலும் 2009 கட்டுரையின் மூன்றாவது பெயரான ஷிராய் இல்லை. 1978இல் அந்தப் படிகத்தை உருவாக்கிய வெபரும் இல்லை. எந்தப் பட்டியலும் முழுமையாக இருக்கப்போவதில்லை. ஆனாலும் மூன்றைவிட ஏழு உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. நம் பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் விருதுகளை வகுக்கும்போது இந்தப் பரிசை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியென்றால் மியாசாகாவுக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். அவர் பங்கு பெரியது. ஒளியும் வேதியியலும் சேரும் இடத்தில் கால் நூற்றாண்டு வேலை செய்து சேர்த்த அறிவு அந்த ஆய்வகத்தில் இல்லையென்றால், கோஜிமாவின் கேள்விக்கு 2.2 விழுக்காடு என்ற பதில்கூட வந்திருக்காது. வெளியூர் மாணவருக்குக் கதவைத் திறந்தவர் அவர். நம்பாத ஒன்றை மூன்று நான்கு ஆண்டு நடக்கவிட்டவர் அவர். கட்டுரையின் முதல் பெயர் மாணவருடையதாக வந்ததும் அவருடைய ஆய்வகத்தில்தான். நான் அவரைப் பாராட்டுவது இதற்காக.

அவர் இழந்ததையும் சொல்ல வேண்டும். அடிப்படைச் செய்முறைக்கு வெளிநாடுகளில் காப்புரிமை வாங்கவில்லை. பல நாடுகளில் பதிவு செய்ய ஆகும் பெரும் செலவைச் சிறு ஆய்வகம் தாங்காது என்பதுதான் காரணம். அதனால் கொரியாவிலும் ஐரோப்பாவிலும் சீனாவிலும் யாரும் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்க முடிந்தது. பதினைந்தே ஆண்டில் 3.8இல் இருந்து 26க்கு வந்ததற்கு அந்தத் திறந்த கதவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஜப்பானுக்கு அது வணிக இழப்பு, ஐயமில்லை. இன்று சீன நிறுவனங்கள் இதில் மிக வேகமாகப் போகின்றன. ஸ்னெய்த் இணைந்து தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் ஜெர்மனியில் தொழிற்சாலை வைத்து, சிலிக்கான்மேல் பெரோவ்ஸ்கைட் பூசிய தகடுகளை 2024இல் விற்பனைக்கு அனுப்பத் தொடங்கியது.

அந்த இரட்டை அடுக்கின் தத்துவம் சுருக்கமாக இதுதான். சிலிக்கான் சிவப்பையும் அகச்சிவப்பையும் நன்றாகப் பயன்படுத்தும். நீல ஒளியின் ஆற்றலில் பெரும்பகுதியைச் சூடாக வீணடித்துவிடும். பெரோவ்ஸ்கைட்டில் அயோடினைக் கொஞ்சம் குறைத்துப் புரோமினைக் கூட்டினால் நீலம், பச்சை ஒளிகளுக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்யலாம். அதை மேலே போட்டால் அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே அனுப்பும். தனிச் சிலிக்கானுக்குக் கோட்பாட்டு உச்சமே 29 விழுக்காட்டை ஒட்டித்தான். அதைத் தாண்ட இன்று கைவசம் உள்ள முக்கிய வழிகளில் ஒன்று இது.

ஜப்பானின் கணக்கு வேறு. மலைநாடு அது, சமவெளி குறைவு, கண்ணாடித் தகடுகளைப் பரப்ப இடம் இல்லை. அதனால் பிளாஸ்டிக் தாளில் பூசிய, வளையக்கூடிய, எடை குறைந்த மின்கலத்தைக் கட்டடச் சுவர்களிலும் பாரம் தாங்காத கூரைகளிலும் ஒட்ட நினைக்கிறார்கள். 2025 ஒசாகா உலகக் கண்காட்சியின் பேருந்து முனையத்தில் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு வளைந்த கூரையில் செகிசுய் நிறுவனத்தின் தாள்களைப் பொருத்தினார்கள். 2040க்குள் 20 கிகாவாட் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. உலகில் சிலிக்கு அடுத்தபடியாக அயோடின் எடுப்பது ஜப்பான்தான், உலக உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. டோக்கியோவுக்குப் பக்கத்தில் சிபா மாகாணத்தில் நிலத்தடி உப்புநீரிலிருந்து அதை எடுக்கிறார்கள். எண்ணெயும் இரும்புத் தாதும் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்குச் சொந்த மண்ணில் கிடைக்கும் மூலப்பொருள் அது.

இனி, குறைகள். பாராட்டு விழாவில் குறை சொல்வதா என்று யாரும் நினைக்க வேண்டாம். மியாசாகா தன் உரைகளிலேயே இவற்றைப் பேசுகிறவர்.

முதலாவது ஆயுள். சிலிக்கான் தகட்டுக்கு இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். பெரோவ்ஸ்கைட் ஈரத்தில் சிதைகிறது. சூட்டில் அதன் மெத்தில் அம்மோனியம் ஆவியாகப் பிரிகிறது. அதற்குப் பதிலாக ஃபார்மமிடினியம், சீசியம் சேர்த்து ஓரளவு வலுவூட்டியிருக்கிறார்கள். 85 டிகிரி சூடு, 85 விழுக்காடு ஈரப்பதம், ஆயிரம் மணிநேரம் என்பது தகடுகளுக்கான பொதுச் சோதனை. அதில் தேறுவது ஒரு படிதான். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறதே, அந்த ராமநாதபுரத்து மே மாத வெயிலையும், அடுத்து வரும் ஐப்பசி மழையையும், கடற்காற்றின் உப்பையும் ஆண்டுக்கணக்கில் வாங்கித் தாங்குவது வேறு. யோகோஹாமாவில் தேறியது இங்கே தேறுமா என்பதை இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். நம் கல்லூரிகளின் கூரையில் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய ஆய்வு அது. தொடக்கத்துக்குத் தேவை நல்ல மின்கலம், அளவுக் கருவிகள், பொறுமையாகக் குறிப்பெடுக்கும் மாணவர்கள்.

இரண்டாவது ஈயம். இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்க வேண்டியதுதான். அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர், தடிமன் அரை மைக்ரான். கன அளவு அரை கன சென்டிமீட்டர். அடர்த்தி ஏறத்தாழ நான்கு, ஆக எடை இரண்டு கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஈயம். சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு கார் பேட்டரியில் கிலோக்கணக்கில் ஈயம் இருக்கிறது. ஆனால் பேட்டரியின் ஈயம் எளிதில் தண்ணீரில் கரைவதில்லை. தகடு உடைந்து மழை புகுந்தால் இந்த ஈயம் கரையும். அதனால் அளவு குறைவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க நான் தயாராக இல்லை. உடைந்தாலும் ஈயத்தைப் பிடித்துவைக்கும் பூச்சுகளை முயன்றுவருகிறார்கள். ஆயுள் முடிந்த தகடுகளைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை விற்பனைக்கு முன்பே சட்டமாக்க வேண்டும். சென்னைக்கு அருகே ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலையில் செய்யப்படும் தகடுகளில் காட்மியம் இருக்கிறது. அந்த நிறுவனம் பழைய தகடுகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் திட்டத்தைப் பல ஆண்டாக நடத்திவருகிறது. ஆகவே இது நடக்காத காரியம் இல்லை.

ஈயத்துக்குப் பதிலாக வெள்ளீயம் போடலாமா என்றால், அது காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடுகிறது. செயல்திறனும் ஈய வகையில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் வந்திருக்கிறது. வெள்ளி, பிஸ்மத் சேர்ந்த ஹாலைடுகளையும் முயல்கிறார்கள். எழுபது வயதைக் கடந்த மியாசாகா இன்று கைவைத்திருக்கும் வேலைகளில் இந்த ஈயமில்லா மின்கலமும் ஒன்று. செயல்திறன் எண்கள் இன்னும் சிறியவைதான். 2009இல் இருந்த எண்ணும் சிறியதுதான்.

 மாணவர்கள் முதலில் கேள்வி கேட்கட்டும், பெரியவர்கள் பிறகு.